ஜாடியைக் கழுவியது யார்?

எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். அடுத்தவர் எச்சில் தொட்டுப் புரட்டிய வாரப் பத்திரிகையை நான் தொட மாட்டேன். பால் பாத்திரத்தின் விளிம்பில் காய்ந்து ஒட்டிய ஆடையைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு எனக்குக் காபி வேண்டாம். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டில் எனக்கு மூக்குக்காரி என்றே பெயர். இப்படிப்பட்டவள் எண்பதுகளின் கடைசியில் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போய்ச் சேர்ந்தது, தோல் பதனிடும் தொட்டிகளின் சாக்கடையைக் கிண்டுகிற ஓர் ஆய்வகத்தில். வேறு எங்கும் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வகம் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் பின்கட்டில் இருந்தது. அதை நடத்திய பேராசிரியர் எல்லோருக்கும் சார். எனக்கு முன்பே சேர்ந்து, ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருந்தவள் ஓர் அக்கா. கீழ்க்கட்டளையிலிருந்து வருவாள். அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் அவள் குரல்தான் தனியாகக் கேட்கும் என்று சொல்வார்கள். ஒரு பெண்கள் கல்லூரியில் அவளுக்கு விரிவுரையாளர் வேலை தயாராக இருந்தது. டாக்டர் பட்டத்தோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் வீட்டில் எல்லாமே அந்தப் பட்டத்துக்காகக் காத்திருந்தது.

தோல் பட்டறைகள் நிறைந்த பம்மலின் சாக்கடைச் சேற்றில் வாழும் ஒரு பாக்டீரியா, புரதத்தை வெட்டுகிற ஓர் என்சைமைச் சுரக்கிறது. அதைப் பிரித்தெடுத்தால் தோலிலிருந்து ரோமத்தை நீக்கச் சுண்ணாம்பும் வேண்டாம், சல்ஃபைடும் வேண்டாம், பம்மலே மணக்கும் என்பது சாரின் கனவு. அவர் ஒருநாளும் பம்மலுக்கு வந்ததில்லை. சேறு அள்ள அக்காவும் நானும்தான் பல்லாவரத்தில் பஸ் மாறிப் போவோம். இறங்கும்போதே நாற்றம் வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். அழுகிய முட்டையும் ஈரத் தோலும் சுண்ணாம்பும் கலந்த நாற்றம். துப்பினாலும் போகாது. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாலும் பின்னலுக்குள் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

கறுப்பும் நீலமுமாக ஓடிக்கொண்டிருந்த கால்வாயோரம் அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து அள்ளுவாள். நான் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருமுறை, தோல் ஏற்றிய மாட்டுவண்டியை ஓட்டி வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டே கேட்டார்.

"இன்னாம்மா இது, சாக்கடைய போய் பாட்டில்ல புட்ச்சிகினு கீறீங்க? வூட்ல கொயம்பு வெக்கவா?"

"ஆமாண்ணா. உங்க வூட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பறேன்" என்றாள் அக்கா.

வேலை முடிந்ததும் டீக்கடைக் குடத்துத் தண்ணீரில் கையை நனைத்த மாதிரி ஒரு பாவனை காட்டிவிட்டு, அதே கையால் கிரீம் பன்னைப் பிய்த்துச் சாப்பிடுவாள். எனக்கும் நீட்டுவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால், "உனக்கு மூக்கு இருக்கிற இடத்துல மூளை இருந்திருந்தா எப்பவோ நோபல் வாங்கியிருப்படி" என்று சிரிப்பாள். இந்த உலகத்தில் எதற்கும் அவளுக்குக் குமட்டாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஆய்வகத்துக்குள் வந்தால் வேறுவகை அசிங்கம். அந்தக் காலத்தில் கரைசலை அளந்தெடுக்கும் பிப்பெட்டை வாயால்தான் உறிஞ்சுவோம். சாக்கடையில் வளர்த்த கிருமியும் சரி, ஈரலை அரைத்த சாறும் சரி, கண்ணாடிக் குழாயை உதட்டில் வைத்து, எலுமிச்சை ஜூஸ் குடிப்பதைப்போல இழுக்க வேண்டும். மேல் நுனியில் கொஞ்சம் பஞ்சு அடைத்திருக்கும். காலையில் ஒருவர் உதடு பட்ட பஞ்சில் மத்தியானம் இன்னொருவர் உதடு. சமயத்தில் இழுப்பு அதிகமாகி வாய்க்குள்ளேயே வந்துவிடும். அக்கா தொட்டியில் துப்பிவிட்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்பாள். என் அன்றைய மத்தியானத் தயிர்சாதம் டிபன் பாக்ஸோடு நாய்க்குப் போகும்.

இத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பொறுக்கவே முடியாமல் போனது பஃபர் ஜாடி.

பஃபர் என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. சில உப்புகளை அளவாகக் கரைத்த காய்ச்சி வடித்த நீர். அதில் கொஞ்சம் அமிலம் விழுந்தாலும் கொஞ்சம் காரம் விழுந்தாலும் அது தன் நிலையிலிருந்து அசையாது. என்சைம் என்பது தொட்டாற்சிணுங்கி. சுற்றியிருக்கும் நீர் கொஞ்சம் புளித்தாலே வேலைநிறுத்தம் செய்துவிடும். அதனால் எதைச் செய்தாலும் பஃபரில் கரைத்துத்தான் செய்ய வேண்டும். தமிழ்ப் பாடநூலில் தாங்கல் கரைசல் என்று போட்டிருப்பார்கள். நல்ல பெயர்தான், எதை ஊற்றினாலும் தாங்கிக்கொள்ளும்.

எங்களுடையது பாஸ்பேட் பஃபர். அடியில் திருகுக் குழாய் வைத்த ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் அது ஜன்னலோர மேடைமேல் உட்கார்ந்திருக்கும். எல்லோரும் அதிலிருந்துதான் பிடித்துக்கொள்வோம். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்த ஒரு வருடம் குழாயில் காற்று மட்டும்தான் வந்ததாம். நீரைக் காய்ச்சி வடிக்கும் கருவிக்கோ ஆவியைக் குளிர்விக்க ஒரு குழாய் விடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் ஜாடியை முழுதாகக் காலி செய்யாதீர்கள், பாதி தீர்ந்ததும் மேலே புதிதாகச் செய்து ஊற்றிவிடுங்கள் என்று சார் ஒரு சட்டம் போட்டார். பஞ்சம் போயிற்று. மழை வந்தது. சட்டம் மட்டும் போகவில்லை. "பழைய பஃபர் நல்லா செட் ஆன பஃபர்மா. அதைக் கலைக்காதீங்க" என்பார். நான் சேர்ந்தபோது அந்த ஜாடி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று யாருக்குமே தெரியாது.

பாஸ்பேட் என்றால் என்ன, வயலுக்குப் போடுகிற உரம்தானே. அதில் தாம்பரத்து வெயிலும் சேர்ந்தால் எது வளராது? ஜாடியின் அடியில் சாம்பல் நிறத்தில், சளியைப்போல ஒரு வழுவழுப்பு படிந்திருந்தது. அந்தப் பக்கம் எக்ஸ்பிரஸ் ரயில் போகும்போது அது லேசாக அசையும். உயிருள்ள ஏதோ ஒன்று தூக்கத்தில் புரண்டு படுப்பதாக எனக்குத் தோன்றும். சாரிடம் சொன்னேன். "வடிகட்டிக்கோம்மா" என்றார்.

சார் போட்ட இன்னொரு சட்டமும் இருந்தது. எங்கள் சோதனை எளிமையானது. பால் புரதத்தில் என்சைமை விட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஒரு மருந்தை ஊற்றினால் நீல நிறம் வரும். நீலம் கூடினால் என்சைம் நன்றாக வெட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, என்சைம் மட்டும் இல்லாமல் மற்ற எல்லாம் போட்ட ஒரு குழாயும் வைக்க வேண்டும். அதற்குப் பிளாங்க் என்று பெயர். முறைப்படி அதில் பஃபரும் இருக்க வேண்டும். சார், "பிளாங்குக்கு எதுக்கு பஃபரை வேஸ்ட் பண்றீங்க, தண்ணி போதும்" என்றார். போதும் என்று நாங்களும் தண்ணீரை ஊற்றினோம்.

அக்காவின் என்சைமுக்கு ஒரு புகழ் இருந்தது. அது கொதிநீரில் போட்டாலும் சாகாது. வேறு எந்த என்சைமும் முட்டை வேகிற மாதிரி வெந்து வீணாகிவிடும். இது வெந்த பிறகும் நீலம் காட்டும். சார் ஊர் ஊராகப் போய் அதைப் பற்றிப் பேசினார். பேசும்போது அவர் முகத்தில் பேரன் பிறந்த களை இருக்கும். ஆய்வேட்டின் இதயமே அதைக் காட்டும் ஒரு வரைபடம்தான். ஆய்வேட்டைப் படித்த வெளியூர்த் தேர்வாளர் ஒருவர், எல்லாம் சரி, அந்தக் கொதிநீர்ச் சோதனையை மட்டும் இன்னொரு தடவை செய்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அது வந்துவிட்டால் வாய்மொழித் தேர்வு, பட்டம், வேலை எல்லாம் வரிசையாக வந்துவிடும். சார் டெல்லிக்கு ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார். "நீங்களே செஞ்சு முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று காலை அக்கா வருவதற்கு முன்பே நான் வந்துவிட்டேன். பீக்கரை வைத்து ஜாடிக் குழாயைத் திருகினேன். எதுவும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, பச்சையும் சாம்பலுமாக ஒரு நூல் இறங்கியது. இறங்கி, அறுந்து விழாமல், காற்றில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் ஒரு சொட்டு. அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. சாரின் சட்டமாவது மண்ணாவது என்று ஜாடியைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தேன். அடியில் இருந்தது ஒரே கட்டியாக, வழுக்கிக்கொண்டு விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. கை சிவக்கச் சிவக்க பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கொதிநீர் விட்டு அலசினேன். உப்புகளை எடைபோட்டு, அமிலநிலை காட்டும் மீட்டரில் சரிபார்த்து, புதிதாகப் பஃபர் செய்து ஊற்றி வைத்தேன். ஜாடியின் வழியாக அந்தப் பக்கத்து வேப்பமரம் தெரிந்தது. அந்த ஆய்வகத்தில் நான் சந்தோஷமாக இருந்த காலைகளில் அது ஒன்று.

மத்தியானம் அக்கா சோதனையைச் செய்தாள். வேகவைக்காத குழாயில் சோகை பிடித்த மாதிரி ஒரு நீலம். வேகவைத்ததில் அதுவும் இல்லை.

"என்னடி பண்ணின?"

"ஜாடியைக் கழுவி புதுசா போட்டேன்க்கா. செக் பண்ணித்தான் ஊத்தினேன்."

"கொன்னுட்டியேடி" என்றாள்.

இரண்டு பேரும் மீட்டரை மறுபடி பார்த்தோம். பஃபர் சரியாகத்தான் இருந்தது. அக்காவின் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் அமுக்கு பாட்டிலில் பழைய பஃபர் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை வைத்துத் திரும்பச் செய்தாள். இரண்டு குழாயிலும் நீலம் வந்துவிட்டது. வெந்ததிலும் வந்தது. அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்தோத்திரம் என்றாள்.

எனக்குத்தான் அந்தப் பச்சை நூல் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. "அக்கா, என்சைமே போடாம, அந்தப் பழைய பஃபரை மட்டும் போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"போடாம எப்படிடி வரும்?"

"சும்மா பாப்போம்க்கா."

நானே போட்டேன். பால் புரதம், பழைய பஃபர். வேறு எதுவும் இல்லை. அதே நீலம் வந்தது.

அக்கா அந்தக் குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. கொதிநீரில் அவளுடைய என்சைம் மற்ற என்சைம்களைப்போலவே செத்துத்தான் போயிருந்தது. செத்ததை எடுத்து, அந்தச் சளி ஊறிய பஃபரில் கலந்திருக்கிறோம். பாலை வெட்டியது ஜாடிக்குள் குடித்தனம் நடத்திய அழுக்கு. பிளாங்கில் தண்ணீரை ஊற்றியதால் அது எங்களுக்குத் தெரியவே இல்லை. அக்கா தன் இளமையையெல்லாம் கொட்டி அளந்துகொண்டிருந்தது ஒரு கழுவாத ஜாடியை.

சார் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னோம். மூன்று குழாய்களையும் காட்டினோம். அவர் குழாய்களைப் பார்க்கவில்லை. மேடைமேல் பளபளவென்று இருந்த ஜாடியைப் பார்த்தார்.

"ஜாடியைக் கழுவினது யாரு?"

"நான்தான் சார்."

"யாரைக் கேட்டு கழுவின?"

நான் பதில் சொல்வதற்குள் அக்காவிடம் திரும்பி, "பழசு ஏதாவது இருக்கா?" என்றார். அக்கா அமுக்கு பாட்டிலைக் காட்டினாள். அவர் அதை வாங்கி, மூடியைத் திருகி, என் புதுப் பஃபருக்குள் சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினார். பாலுக்கு உறை ஊற்றுகிற அதே பதவிசு. கையால் மேடையைத் துடைத்துவிட்டார்.

"கொஞ்ச நாள் விடுங்க, செட் ஆயிடும். அப்புறம் ரிப்பீட் பண்ணி அனுப்பிடலாம். உன் வேலை என்னாகும், உங்கப்பா என்ன ஆவாருன்னு யோசிச்சுப் பாரும்மா. யாரு இதையெல்லாம் பாக்கப் போறாங்க?"

எனக்கு அவர்மேல் வந்தது கோபம் இல்லை. கோபத்தில் ஒரு மரியாதை உண்டு. இது அந்த நூலைப் பார்த்தபோது வந்த அதே குமட்டல். சுத்தமான சட்டை, வாரிவிட்ட தலை, விபூதிக் கீற்று. அந்த மனிதர் வாய் கூசாமல் பேசப் பேச, அவர் வாயிலிருந்தே அது தொங்கிக்கொண்டு இறங்குவதுபோல இருந்தது. அன்றிலிருந்து அவர் கொடுத்த காகிதத்தைக்கூட நுனியில் பிடித்துத்தான் வாங்கினேன்.

ஜாடி மறுபடி கலங்கியது. அக்கா அந்தச் சோதனையைச் செய்தாள். வரைபடம் அழகாக வந்தது. தபாலில் போயிற்று. நான் அவளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டேன். பம்மலுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவோம். அவள் கிரீம் பன் வாங்குவதை விட்டுவிட்டாள். அதை நான் கவனித்தேன், ஆனாலும் பேசவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் அஸ்தினாபுரத்துக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார். அக்கா டம்ளரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"நாளைக்கு யார் வேணும்னாலும் கேள்வி கேக்கலாம், தெரியும்ல?"

"தெரியும்."

"நீ கேளு. பிளாங்குக்கு என்ன வெச்சீங்கன்னு கேளு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நானா எழுந்து நின்னு சொல்ல எனக்கு வாய் வரலடி. அப்பா முன்வரிசைல உட்கார்ந்திருப்பாரு. ராத்திரி வீட்ல ஸ்தோத்திரக் கூட்டம் வேற வெச்சிருக்காரு, தெருவுக்கே சொல்லியாச்சு. ஆனா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். உனக்குச் சத்தியமாச் சொல்றேன்."

"பட்டம் போயிடும்க்கா."

"போகட்டும்."

"வேலை?"

அவள் எழுந்துகொண்டாள். ஆறிப்போய் ஆடை படிந்த காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் கருத்தரங்கக் கூடத்தில் பின்னாலிருந்து கேசரி வாசனையும் பஜ்ஜி எண்ணெய் வாசனையும் வந்துகொண்டிருந்தன. வெளியூர்த் தேர்வாளர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். அவருக்கு எழும்பூரில் ரயில் பிடிக்க வேண்டும். முன்வரிசையில் அக்காவின் அப்பா இஸ்திரி கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா பட்டுச்சேலையில் நின்று படங்களைக் காட்டிப் பேசினாள். கொதிநீர் வரைபடம் வந்தபோது தேர்வாளர் "எக்ஸலன்ட்" என்றார். கடைசியில், அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார். சாரின் கண் நேராக என்மேல் வந்து நின்றது.

எழுந்தேன். "என்சைமைக் கொதிக்க வெச்ச சோதனையில பிளாங்குக்கு என்ன வெச்சீங்க?"

"தண்ணி" என்றாள் அக்கா. பாடகர் குழுவில் பாடுகிற அதே தெளிவான குரல். "பஃபர் வெச்சிருக்கணும். வெக்கல. பஃபர்ல அழுக்கு வளர்ந்திருந்தது. என்சைமே இல்லாம அந்தப் பஃபரை மட்டும் போட்டாலும் இதே ரிசல்ட் வருது. நானே பாத்தேன். இது தெரிஞ்ச பிறகும் அதே பஃபர்லதான் ரிப்பீட் பண்ணி அனுப்பினேன்."

அவளுடைய அப்பாவுக்கு அறிவியல் தெரியாது. மகள் ஏதோ நன்றாகப் பதில் சொல்லிவிட்டாள் என்று தலையாட்டினார்.

தேர்வாளர் சாரைப் பார்த்தார். சார் புன்னகைத்தார். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெரி குட் கொஸ்டின். வெரி ஹானஸ்ட் ஆன்சர்" என்றார். "ரிசர்ச்சருக்கு இந்த மனசு வேணும். இதை ஃப்யூச்சர் வொர்க்ல சேர்த்துக்கலாம்." பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன் என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். சார்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அக்காவின் தோளில் சால்வை விழுந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் கேசரித் தட்டு சுற்றி வந்தது.

நான் தட்டைத் தொடவில்லை. அக்காவைத் தேடினேன். கூடத்தில் இல்லை. கட்டடத்துக்குப் பின்னால், ஆய்வகக் கழிவுநீர் வந்து விழுகிற இடத்தில், சால்வையோடு குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லைபோல, வெறும் தண்ணீராக வந்தது. பம்மல் கால்வாயோரம் உட்கார்ந்து பன் தின்றவள். நான் ஓடிப்போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். வாந்தி என் கையிலும் பட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

"நான் சரியாத்தானே சொன்னேன்?" என்றாள்.

"சரியாத்தான் சொன்னீங்கக்கா."

"யாருக்கும் கேக்கலையாடி?"

"எல்லாருக்கும் கேட்டுச்சு."

அவள் சால்வையின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து சாரின் குரல் உற்சாகமாகக் கேட்டது. "எங்கம்மா நம்ம டாக்டர்? போட்டோ எடுக்கணும், எல்லாரும் வெயிட் பண்றாங்க."

"நீ போ" என்றாள் அக்கா. "டாக்டர் வாந்தி எடுக்கிறாங்கன்னு போய்ச் சொல்லு."